பால் போதவில்லை என்கிறார்கள், இரவில் தூக்கமும் இல்லை: எதை வைத்து முடிவு செய்வது?

பள்ளத்தூர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தலைப்பிரசவத்துக்காகப் பள்ளத்தூரில் என் ஆத்தா (அம்மா) வீட்டுக்கு வந்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்து 24 நாள் ஆகிறது. பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது 2 கிலோ 680 கிராமாகக் குறைந்திருந்தது. நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துப் பார்த்ததில் 3 கிலோ 200 கிராம் இருந்தாள். தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரம் எதுவும் இதுவரை கொடுக்கவில்லை.

பகலில் மூன்று நான்கு மணி நேரம் ஒரே நீட்டாகத் தூங்குகிறாள். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால், அப்போது தொடங்கி இரவு பத்து பதினொரு மணி வரை மார்பை விட்டு அகல்வதே இல்லை. ஒரு பக்கம் குடித்துக் கண்ணை மூடுவாள், கீழே படுக்கவைத்ததும் விழித்துக்கொண்டு மறுபடியும் வாயைத் திறந்து தேடுவாள். நள்ளிரவுக்குப் பிறகு பாலும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். தூக்கி வைத்திருந்தால் சத்தமில்லை, படுக்கவைத்தால் அழுகை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பால் போதவில்லை என்பது என் ஆத்தாவின் கட்சி. முதல் இரண்டு வாரம் கல்லாகக் கனத்த மார்பு இப்போது தளர்ந்திருப்பதும், பம்ப் வைத்து எடுத்துப் பார்த்தபோது 20 மில்லிகூடத் தேறாததும் அவர் சொல்வதற்குச் சாட்சியாகிவிட்டன. உரம் விழுந்திருக்கிறது (சுளுக்குப் பிடித்திருக்கிறது), சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தால் சரியாகிவிடும், வசம்பு போன்றவற்றை உரைகல்லில் இழைக்கும் உரை மருந்தும் புகட்ட வேண்டும் என்கிறார் ஆயா, என் பாட்டி. தேவகோட்டையிலிருந்து மாமியார் தினமும் தொலைபேசியில், ராத்திரிக்கு மட்டும் பவுடர் பால் கொடுத்தால் பிள்ளையும் தூங்கும், நீயும் தூங்கலாம் என்கிறார். வலது காம்பு வெடித்துப் பால் கொடுக்கும்போது உயிர் போகிறது. பச்சை உடம்பு, தையல் சீழ்ப்பிடிக்கும் என்று தண்ணீரையும் அளந்துதான் தருகிறார்கள்.

பால் போதுகிறதா இல்லையா என்பதை வீட்டிலிருந்தபடியே எப்படி அறிவது? இந்த இரவு விழிப்பு எப்போது மாறும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுவயல் செவிலியர் (பணி ஓய்வு) எழுதியது:

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய மூன்று எண்களுக்குள்ளேயே இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் சில நாள்களில் உடல் நீரை இழந்து எடை குறைவது இயல்பு. பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால்தான் தீவிரமாகக் கவனிக்க வேண்டும். உங்கள் மகள் இழந்தது 220 கிராம், அதாவது எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு. பிறந்த எடையிலிருந்து கணக்கிட்டு முந்நூறு கிராம்தானே ஏறியிருக்கிறது என்று வீட்டில் கவலைப்படுவார்கள், ஆனால் எடை மிகக் குறைந்திருந்த நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும். நான்காம் நாள் முதல் நேற்று வரை 520 கிராம் ஏறியிருக்கிறாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 கிராம். இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. பால் போதாத குழந்தைக்கு இந்த எடை ஏறாது.

தராசு கையில் இல்லாத நாளில் துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் கழிக்கிறாளா, முதல் மாதத்தில் மஞ்சளாக, தளர்வாக, மூன்று நான்கு முறை மலம் கழிக்கிறாளா என்பதே அளவுகோல். அழுகை அளவுகோல் அல்ல. தூக்கமும் அளவுகோல் அல்ல. சரியாகப் பால் கிடைக்காத சில குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் நாள் முழுதும் தூங்குவதைப் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன், சமர்த்துப் பிள்ளை என்று அவர்களை வீட்டில் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

மார்பு தளர்ந்ததும் பால் வற்றியதற்கு அடையாளம் ஆகாது. மூன்று நான்கு வாரங்களில், குழந்தை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு சுரக்க உடம்பு பழகிக்கொள்கிறது. அந்தக் கனம் அதனால்தான் குறைகிறது. பம்பில் வருவதையும் கணக்கில் எடுக்காதீர்கள், வலியும் பதற்றமும் இருக்கும்போது இயந்திரத்துக்குப் பால் இறங்காது, குழந்தையின் வாய்க்கு இறங்கும்.

மாலையில் விடாமல் குடிப்பது இந்த வயதுக் குழந்தைகள் பலருக்கும் உள்ள வழக்கம். ஆனால் உங்கள் வீட்டில் அது இவ்வளவு நீள்வதற்குப் பகல் தூக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டிய குழந்தை பகலில் நான்கு மணி நேரம் விட்டுவிட்டால், விட்டதையெல்லாம் இரவில்தான் கேட்கும். ஆகவே பகலில் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை துணியை விலக்கி, உள்ளங்காலைத் தடவி எழுப்பிப் பால் கொடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குழந்தையை எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள்? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள உள்ளறைகள் நடுப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும், பிள்ளை பெற்றவளை அங்கேதான் கதவைச் சாத்திப் படுக்கவைப்பார்கள். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் அதன் உடம்பில் ஒழுங்காகச் சுரக்கத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். வெளிச்சமும் இருட்டும்தான் அதுவரை அதற்குப் பாடம். பகலும் இருட்டாக இருந்துவிட்டால், இரவில் துணி மாற்ற விளக்கைப் போடும்போது அதுவே அதற்குப் பகலாகிவிடும். காலையில் அவளை வளவுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத இடத்தில், பாத்திரம் உருளும் ஓசையும் ஆள் பேச்சும் கேட்கும்படி பகல் முழுதும் வைத்திருங்கள். இரவில் சிறு விளக்கு மட்டும் எரியட்டும். பால் கொடுங்கள், துணி மாற்றுங்கள், கொஞ்சிப் பேசுவதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மாறாது என்றாலும், பலருக்கும் ஒரு வாரம் பத்து நாளில் வித்தியாசம் தெரிகிறது.

கீழே படுக்கவைத்ததும் விழிப்பதற்குக் காரணம், இந்த வயதில் தூக்கத்தில் பாதி மேலோட்டமான தூக்கம் என்பதே. இமைக்குள் கண்மணி உருண்டுகொண்டும், உதடு சப்புக்கொட்டிக்கொண்டும் இருக்கும் வரை அது தூங்கியதாகக் கணக்கில்லை. மூடிய கை விரிந்து, தூக்கிவிட்டால் துவண்டு விழும் நிலைக்கு வந்த பிறகு, முதலில் இடுப்பையும் பிறகு தலையையும் மெதுவாகக் கிடத்துங்கள்.

காம்பு வெடிப்புக்குக் களிம்பைவிடப் பிடிப்பைத் திருத்துவதே மருந்து. காம்பை மட்டும் வாயில் திணித்தால் ஈறு காம்பை நசுக்கும். பாலும் சரியாக வராது. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட, அதன் மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடியுங்கள். மேலுதட்டைக் காம்பால் வருடினால் தலையைச் சற்று அண்ணாந்து கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குனிந்து குழந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. மோவாய் மார்பில் புதைந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, காம்பைச் சுற்றிய கரும்பகுதி மேலே தெரியும் அளவுக்குக் கீழே தெரியாமல் இருந்தால் பிடிப்பு சரி. முதல் சில உறிஞ்சலுக்குப் பின் வலி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுண்டுவிரலைக் கடைவாயில் நுழைத்து விடுவித்து மறுபடியும் தொடங்குங்கள். தையல் வலிப்பதால், குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக் கால்கள் உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி வைத்துக் கொடுப்பது எளிது. இவ்வளவும் செய்து வலி தீராவிட்டால் நாக்கின் அடியில் இழை ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை அளந்து தருவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் தையல் சீழ்ப்பிடிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பால் கொடுப்பவர் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும். குழந்தைக்குத்தான், எவ்வளவு வெக்கையாக இருந்தாலும், ஆறு மாதம் வரை சொட்டுத் தண்ணீர் தேவையில்லை.

உடல்சூடு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலும், ஆறேழு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்கினாலும், எழுப்பியும் பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலும், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். இந்த வயதில் காய்ச்சலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

கோட்டையூர் வாசகி எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் பவுடர் பால் என்ற பேச்சை எடுத்தாலே ஏதோ நஞ்சைக் கொடுப்பதுபோல் பார்ப்பதையும் ஏற்க முடியவில்லை. என் மகனுக்கு இரண்டு வாரம் கடந்தும் பிறந்த எடை திரும்பவில்லை. சிறுநீர் குறைந்து, துணியில் செங்கல் நிறத்தில் கறை படிந்தது. எனக்குத் தைராய்டுக் குறைபாடு இருந்தது பிறகுதான் தெரிந்தது. குழந்தை மருத்துவர், ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு பக்கமும் தாய்ப்பால் கொடுத்துவிட்டு, அதன்பின் குறிப்பிட்ட அளவு பவுடர் பாலைப் பாலாடையில் (சங்கில்) புகட்டச் சொன்னார். எடை ஏறியது, என் மருந்தும் வேலை செய்யத் தொடங்கியபின் அந்த அளவைப் படிப்படியாகக் குறைத்தோம். அந்த மாதம் அந்த டப்பா இல்லாவிட்டால் என் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டியிருக்கும்.

எனினும், உங்கள் குழந்தையின் எடை என் மகனின் எடையைப்போல் இல்லை. தூங்கவைப்பதற்காகக் கொடுப்பது வேறு, எடை ஏறாததற்காகக் கொடுப்பது வேறு. என்றைக்காவது மருத்துவர் கொடுக்கச் சொன்னால், கொதித்த நீரில், டப்பாவில் அச்சிட்ட விகிதத்தில், அதற்குள் இருக்கும் கரண்டியால் தலைதட்டி அளந்து கலக்குங்கள். விலை அதிகம் என்று நீர்க்கக் கலக்குவதும், சத்து வேண்டும் என்று கெட்டியாகக் கலக்குவதும் இரண்டுமே கெடுதி. மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

காரைக்குடி அப்பத்தா எழுதியது:

பேரப்பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில், உங்கள் ஆயாவின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. காலில் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் ஆக்கிப் போடுவது, மாதக்கணக்கில் உங்களை ஒரு வேலையும் செய்யவிடாமல் வைத்திருப்பது, இவையெல்லாம் பெரியவர்கள் இல்லாத வீட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. சுறாவாலும் பூண்டாலும்தான் பால் ஊறுகிறதா என்று கேட்டால், குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் ஊறுகிறது. ஆனால் நேரத்துக்குச் சூடாகச் சாப்பாடு வருவதே பாதி தெம்பு.

எதை விட வேண்டும் என்பதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். உரம் எடுப்பது என்று கழுத்து நிற்காத பிள்ளையைச் சேலையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவதை என் வீட்டில் நான் அனுமதிக்கவில்லை. தலை குலுங்கினால் மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உரை மருந்தில் இழைக்கும் வசம்பைப் பிள்ளை வளர்த்தி என்று சொல்லிச் சொல்லியே புகட்டிவிட்டோம். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் கெடுதல் செய்வது. சேனை வைக்கிறேன் என்று தேனை நாக்கில் தடவுவதும் ஒரு வயது வரை ஆகாது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகையை வீட்டுக்குக் காட்டட்டும், பிள்ளையின் முகத்துக்கு வேண்டாம்.

ஆயாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். நீங்களாகச் சொன்னால் படித்த திமிர் என்றாகிவிடும். வீட்டுக்கு வந்துபோகும் கிராம சுகாதாரச் செவிலியரையே அவர் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். அதோடு, அவரிடமிருந்து ஒரு வேலையைப் பிடுங்கினால் இன்னொரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் பிள்ளையை ஆயா கையில் கொடுத்துவிட்டு, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்கள் வேறு அறையில் போய்ப் படுத்துவிடுங்கள். அடுத்த பால் வேளை வரை கிடைக்கும் அந்தத் தூக்கம், பகலில் அரைகுறையாகக் கிடைக்கும் தூக்கத்தைவிட மேலானது. மாப்பிள்ளை வந்திருக்கும் நாளில் அந்த வேலை அவருக்கு.

தூளியைப் பற்றி யாரும் எழுதவில்லை. பகலில் கண்ணெதிரே சற்று நேரம் ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலைக்குள் உடம்பு வளைந்து மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுத் தடைப்படும். இரவில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், தலையணையும் பஞ்சு மெத்தையும் இல்லாத தட்டையான விரிப்பில், மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய தேக்குத் தொட்டிலைத் துடைத்து எடுத்ததில், அதன் அடிப்பலகை தட்டையாக இருந்ததால் அதற்கே பயன்பட்டது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை தைக்காதீர்கள்.

சென்னைவாழ் தேவகோட்டையார் எழுதியது:

கணவர்கள் சார்பில் ஒரு சொல். மாமியாரின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய மகன்தான், பச்சை உடம்புக்காரி அல்லர். எடை ஏறிய கணக்கை அவரிடம் கொடுத்து அவருடைய ஆத்தாவிடம் பேசச் சொல்லுங்கள். பிள்ளை பெற்று இரண்டு வாரம் கடந்த பின்னும் காரணமில்லாமல் அழுகை வருவதும், பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராததும் உங்களுக்கு இருந்தால், அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். என் மனைவிக்கு அது தேவைப்பட்டது.

பள்ளத்தூர் மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அம்மா கேட்டதுபோல, நாங்கள் இருந்தது இரண்டாம் கட்டின் உள்ளறைதான்; பகலிலும் விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். இப்போது காலைக் குளியல் முடிந்ததும் வளவுக்கு வந்துவிடுகிறோம். கக்கத்தில் இடுக்கிக் கொடுப்பதில் வலது பக்கம் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. மாலைக் குடியில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் நள்ளிரவு விழிப்பு முன்னைப்போல் நீள்வதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து சொன்னபின் உரம் எடுக்கும் பேச்சு நின்றது. உரை மருந்து மட்டும் இன்னும் தீரவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் ஆகுமா என்று ஆயா கேட்கிறார்.

இன்னொரு சந்தேகம். அடுத்த மாதம் காரைக்குடியில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். பிள்ளையை ஆத்தாவிடம் விட்டுவிட்டு அரை நாள் போய்வர, பாலை எடுத்து வைத்துப் போகலாமா?

புதுவயல் செவிலியர் (பணி ஓய்வு) எழுதியது:

தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால்தான் அந்தச் சொட்டு மருந்தைத் தருகிறார்கள். நாளொன்றுக்கு 400 அலகு. கடைக்குக் கடை கிடைக்கும் புட்டிகளில் ஒரு மில்லியில் உள்ள அளவு வேறுபடும், ஆகவே புதுப் புட்டி வாங்கும்போதெல்லாம் உறையில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு எத்தனை மில்லி என்று மருந்தாளுநரிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயாவிடம், இதற்கு அளவு உண்டு, உரைகல்லில் இழைப்பதற்கு அளவு கிடையாது என்று சொல்லிப் பாருங்கள்.

பாலைத் தாராளமாக எடுத்து வைக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில், பம்ப் ஒத்துவராவிட்டால் கையாலேயே கறந்து எடுங்கள். 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. நம் ஊர் வெக்கைக்கு அதை நம்பாமல் உடனே குளிர்பெட்டியில், கதவுத் தட்டில் அல்லாமல் உள்பக்கமாக வைத்துவிடுங்கள், அங்கே நான்கு நாள் வரை இருக்கும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர்ச்சி நீக்கினால் போதும். அடுப்பில் ஏற்றக் கூடாது. மேலே ஆடைபோல் கொழுப்புப் பிரிந்து நிற்பதைக் கெட்டுவிட்டது என்று ஆத்தா கொட்டிவிடாமல், மெதுவாகச் சுழற்றிக் கலந்து, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துப் பாலாடையில் சிறுகச் சிறுகப் புகட்டச் சொல்லுங்கள். மண்டபத்தில் நீங்களும் வழக்கமான பால் வேளைக்கு ஒதுக்குப்புறமாக ஓர் அறை கேட்டு மார்பைக் கறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாலைக்குள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடும்.